மருந்து விற்ற பணத்தில் சங்கீதம் வளர்த்தவர்
தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சரித்திரச் சுருக்கம்



பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களில் மளிகைக் கடை வைத்தவர்களுக்கு மருந்து வியாபாரம் புதிதல்ல. அரிசி, பருப்பு, கருவாட்டோடு தைலக் குப்பியும் மாத்திரைப் பொட்டலமும் ஒரு தட்டில் இருக்கும். அவ்விதம் மாத்திரை விற்றுப் பொருள் சேர்த்த ஒருவர், அப்பொருளைக் கொண்டு என்ன செய்தார் என்பதை அறிந்துகொள்வது நமக்கு நல்லது. அவர்தான் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் அவர்கள்.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் ஒரு கிறிஸ்தவ நாடார் குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் உபாத்தியாயர் பயிற்சி பெற்று அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சங்கீதத்தில் முதல் பாடம் கேட்டதும் அவ்வூரில்தான். மூலிகை ஆராயும் ஆசையும் அவரை விடவில்லை. சுருளிமலைக்குச் சென்று கருணானந்தர் என்னும் பெரியவரை அடுத்துச் சித்த வைத்திய முறைகளைக் கற்றுக்கொண்டார்.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாள் என்ற மாதரசியை மணந்தார். மறு வருஷம் இருவரும் தஞ்சாவூருக்குக் குடியேறிப் பெண் பள்ளிக்கூடமொன்றில் வேலை பார்த்தனர். சுமார் ஏழாண்டுகளுக்குப் பிறகு, 1890-ல், மாதச் சம்பளத்தை உதறிவிட்டு முழு நேர வைத்தியரானார். துணிந்த காரியந்தான்! ஆனால் கை கொடுத்தது. அவருடைய கோரோசனை மாத்திரையும் சஞ்சீவி மாத்திரையும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றன. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் பயிரிட்டார். தம் குருவின் நினைவாக அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊர் ஜனங்களோ பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். விவசாயம், புகைப்படம், அச்சுத்தொழில் என்று எதைத் தொட்டாலும் சோதனை செய்து பார்த்தே முடிவுக்கு வருவது அவர் சுபாவம். 1909-ல் சர்க்கார் ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

இந்தச் சோதனைக் கண்ணோடுதான் அவர் சங்கீதத்தையும் பார்த்தார். ஒரு ஸ்தாயிக்குள் இருபத்திரண்டு சுருதிகள் என்று பழைய வடமொழி நூல்களைக் கொண்டு வித்துவான்கள் சொல்லி வந்தனர். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கு என்றார். தந்தியைச் சரிபாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். அந்த இடைவெளியைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி பாதியாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

சம பங்கு என்பதை நம் வியாபாரக் கணக்கில் இப்படிச் சொல்லலாம். நூறு வெள்ளிச் சரக்கு பன்னிரண்டு கை மாறுகிறது. ஒவ்வொருவரும் தாம் வாங்கிய விலையில் நூற்றுக்கு ஆறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக, ஒரே விகிதத்தில் லாபம் வைக்கிறார்கள். பன்னிரண்டாம் கையில் விலை இருநூறாகும். சுரங்களும் அவ்வாறே ஒரே விகிதத்தில் ஏறுகின்றன என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1912-ல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். வித்துவான்களை வரவழைத்து, உணவும் இருப்பிடமும் கொடுத்து, பல மகாநாடுகளைத் தம் கைப்பொருளிலேயே நடத்தினார். மாறுபட்ட கருத்துடையவர்களையும் அழைத்து அவர்கள் வாதத்தைக் கேட்டார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்கும் சென்றார். அங்கே அவர் கணக்கை மட்டும் வாசித்து நிற்கவில்லை. மகள் மரகதவல்லி அம்மையார் முதலான தம் குடும்பப் பெண்கள் பாடியும் வீணை வாசித்தும் அதனை மெய்ப்பித்துக் காட்ட ஏற்பாடு செய்தார். மறு வருஷமே, 1917-ல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் தஞ்சையில் அவருடைய சொந்த அச்சுக்கூடத்திலேயே அச்சேறி வெளிவந்தது.

இவ்வளவும் ஓரளவு தெரிந்த சங்கதிதான். தெரியாமல் போனது அவர் இயற்றிய பாட்டுக்கள்! அக்காலத்தில் தமிழ்ப் பிள்ளை சங்கீதம் கற்க உட்கார்ந்தால் முதற்பாடமே பிற மொழிக் கீதமாயிருக்கும். பொருள் விளங்காமல் ஒப்பிக்க வேண்டும். உபாத்தியாயராயிருந்த பண்டிதருக்கு இந்தக் கஷ்டம் நன்கு தெரியும். ஆகவே தமிழிலேயே கீதங்களும் கீர்த்தனைகளும் தாமே இயற்றி, தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றைத் திரட்டி அச்சிட்டார். தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது 1940-களில். இவரோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலையைத் தம் வீட்டுத் திண்ணையளவில் தொடங்கிவிட்டார் என்று சொல்லலாம்.

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பண்டிதர் காலமானார். எழுதி வைத்த இரண்டாம் பாகத்தை மகள் மரகதவல்லி அம்மையார் 1946-ல் வெளியிட்டார். இருபத்துநான்கு சுருதி என்ற அவர் முடிவை எல்லா வித்துவான்களும் ஒப்பவில்லை. அது வேறு விஷயம். ஆராய்ச்சி நூலைப் பற்றி வாதிட்டவர்கள் பலர். பாட்டைப் பாடியவர்கள் சிலரே. அதுதான் வருத்தம்.

சகோதரர்களே! சம்பாத்தியத்தில் ஒரு பங்கை அறிவுக்குச் செலவிட்ட வியாபாரி அவர். அவர் மாத்திரை தீர்ந்துபோயிருக்கலாம். நூல் நிற்கிறது. பாட்டுக்களையும் யாராவது எடுத்துப் பாடினால் அவையும் நிற்கும்.