தண்ணீரை அளக்கச் சொன்னவர்: டஃப் ஆப்ரம்ஸ்



சிவில் படித்த யாருக்கும் ஆப்ரம்ஸ் விதி மறந்திருக்காது. ஆனால் ஆப்ரம்ஸ் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

டஃப் ஆண்ட்ரூ ஆப்ரம்ஸ் 1880-ல் அமெரிக்காவில் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஆராய்ச்சியும் செய்தார். கான்கிரீட் கம்பியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்ற அவரது ஆய்வு 1913-ல் வெளிவந்தது. பிறகு சிகாகோவில் லூயிஸ் இன்ஸ்டிடியூட் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார்.

சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் 1:2:4 என்று அளந்து போட்டுவிட்டு, தண்ணீரைக் கண்மதிப்பில் ஊற்றிய காலம் அது. பலம் சிமெண்ட் அளவைப் பொறுத்தது என்பதே பொதுவான நம்பிக்கை. ஆப்ரம்ஸ் சுமார் 50,000 சோதனைகளின் முடிவை வைத்து 1918-ல் பதில் சொன்னார்: கலவை வேலைக்கு ஏற்ற பதத்தில் இருக்கும்வரை, பலத்தைத் தீர்மானிப்பது சிமெண்டுக்குத் தண்ணீர் என்ன விகிதம் என்பதுதான். பிரான்சில் ஃபெரே என்பவர் 1890-களிலேயே இதை ஒட்டிய முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் சைட்டில் பயன்படுத்தும்படி எளிமையாக்கியவர் ஆப்ரம்ஸ். மணல், ஜல்லியின் பருமனை ஒரே எண்ணில் சொல்லும் ஃபைன்னஸ் மாடுலஸும் அவர் தந்ததே.

காரணம் எளிது. சிமெண்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் வேதிவினைக்குப் போகிறது. மிச்சம் கலவை இளகி ஓடத்தான். அளவுக்கு மிஞ்சினால் அந்தத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் பின்னால் நுண்துளை ஆகிறது. பலம் குறையும், துளை வழியே ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும்.

இப்போதைய கணக்கில் பாருங்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.50. "சார், கெட்டியா இருக்கு, தள்ள முடியல" என்று சொல்லி இன்னும் 5 லிட்டர் ஊத்தினா 0.60. ஆப்ரம்ஸ் சமன்பாட்டின்படி ஏறக்குறைய கால்வாசி பலம் போச்சு! சிமெண்டில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. பில்லும் சரியாகவே இருக்கும்.

1930-31-ல் அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் தலைவராக இருந்த ஆப்ரம்ஸ் 1965-ல் மறைந்தார்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளை சைட்டுக்குப் போனால் மூட்டையை எண்ணுவதோடு நிற்காதீர்கள். மிக்ஸர் பக்கத்தில் இருக்கும் வாளி எத்தனை லிட்டர் என்று முதலில் கேளுங்கள். மணல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணியையும் கழியுங்கள். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் தூங்கப்போகிறது.