சலீம் அலியின் பறவைக் கணக்கு

இன்று செம்பூரில் நிற்பவர் கண்ணுக்கு அடுக்குமாடிக் கட்டடங்களும் மேம்பாலங்களுமே தென்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது டிராம்பே குன்றுகளின் அருகே மரங்கள் அடர்ந்த சிற்றூராக இருந்தது. மும்பையின் கேத்வாடிப் பகுதியில் வாழ்ந்த பெரிய கூட்டுக் குடும்பம் ஒன்று விடுமுறை நாள்களில் அங்குச் சென்று தங்கும். அக்குடும்பத்துச் சிறுவன் ஒருவன் விடியற்காலையில் குண்டுகரிச்சானின் பாடலைக் கேட்டு மகிழ்ந்தான். அவனே பிற்காலத்தில் இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பெற்ற சலீம் அலி.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். மிக இளவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி அவரை வளர்த்தார். மாமா அளித்த காற்றுத் துப்பாக்கியால் சிறுவன் ஒருநாள் ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அஃது என்ன பறவை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மாமா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்குச் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்யப்பட்ட பறவைகளை வரிசை வரிசையாகக் காட்டினார். குருவி என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவனவற்றுள் இத்தனை இனங்களா என்னும் வியப்பு அன்று தோன்றியது. அவ்வியப்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அவரது கல்வி ஒழுங்காக அமையவில்லை. இடையில் பர்மாவுக்குச் சென்று குடும்பத் தொழிலைக் கவனித்தார். திரும்பி வந்து 1918இல் தெஹ்மினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் அவர் விரும்பிய பணி கிட்டவில்லை. மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1930இல் நாடு திரும்பியபோது, நிதியில்லை என்று கூறி அருங்காட்சியகப் பணியும் நீக்கப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினர். அங்கே தூக்கணாங்குருவிகளின் வாழ்வை மறைவிலிருந்து நோக்கி அவர் எழுதிய கட்டுரை அறிஞர்தம் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் கட்டுரை சோறு போடாது.

அக்காலத்தில் பல சமஸ்தானங்களில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்பதற்கு முறையான பதிவு இல்லை. கூடாரத்திற்கும் பயணத்திற்கும் ஆகும் செலவை மட்டும் தந்தால் போதும், ஊதியம் வேண்டா என்று சலீம் அலி முன்வந்தார். 1931இல் ஐதராபாத் சமஸ்தானத்திலும், 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களிலும் அவர் ஆய்வு நடத்தினார். தெஹ்மினா உடன் சென்று பாசறைப் பொறுப்பை ஏற்றார். பொழுது புலரும் முன்பே எழுந்து காட்டுக்குள் செல்வதும், நண்பகலில் திரும்பி வந்து பறவைகளைப் பாடம் செய்வதும், மாலையில் குறிப்பெழுதுவதும் நாள்தோறும் நடைபெற்றன.

பறவைகளை நேசித்தவர் அவற்றைச் சுட்டாரா என்னும் ஐயம் எழுவது இயல்பே. தெளிவான ஒளிப்படம் எடுக்கும் வசதி அற்ற அந்நாளில், ஓர் இனத்தை ஐயமின்றி உறுதிசெய்ய வேறு வழி அரிதாகவே இருந்தது. ஆனால் அவர் எண்ணிக்கைக்காகப் பறவைகளைக் குவிக்கவில்லை. ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டப்பட்டது. ஊர், நாள், ஆணா பெண்ணா, அளவுகள் ஆகியவை அதில் எழுதப்பட்டன. சீட்டில்லாத பறவை வெறும் இறகுப் பொதியே. அறிவியலுக்கு அதனால் பயனில்லை.

ஓரிடத்தில் எத்தனை பறவையினங்கள் உள்ளன என்னும் வினா எளியதுபோல் தோன்றும். கண்டவற்றை எண்ணினால் விடை வந்துவிடும் என்று நினைப்போம். உண்மை அவ்வாறன்று. முதல் நாளில் காண்பன எல்லாம் புதியவை. நாள்கள் செல்லச் செல்லப் புதிய பெயர்கள் குறையும். ஆயினும் அடியோடு நின்றுவிடா. குளிர்காலத்தில் மட்டும் வந்து செல்லும் பறவைகளைக் கோடையில் சென்றவர் காணமாட்டார். ஆந்தையும் பக்கியும் பெரும்பாலும் இரவிலேயே நடமாடும். கேரளக் காடுகளில் வாழும் தவளைவாயன் என்னும் பறவை பகல் முழுவதும் கிளையில் காய்ந்த சருகுபோல் அசையாது அமர்ந்திருக்கும். பத்தடி தொலைவில் நிற்பவரும் அதனைக் காணாது கடந்து செல்வர். ஆகவே பட்டியலில் உள்ள எண் கண்டவற்றின் எண்ணே அன்றி, உள்ளவற்றின் எண் ஆகாது.

காணாதவற்றையும் மதிப்பிட முடியுமா என்னும் வினாவுக்குப் பிற்காலத்தில் புள்ளியியலார் விடை தேடினர். ஆன் சாவ் என்னும் தைவான் நாட்டுப் பெண் அறிஞர் 1984இல் ஒரு வழியைக் கூறினார். ஒரே ஒருமுறை மட்டும் காணப்பட்ட இனங்கள் மிகுதியாக இருந்தால், ஒருமுறைகூடக் கண்ணில் படாத இனங்களும் பல இருக்கும் என்பது அதன் கருத்து. எடுத்துக்காட்டாக, ஒரு காட்டில் 80 இனங்களைக் கண்டோம் எனக் கொள்வோம். அவற்றுள் 12 இனங்கள் ஒருமுறையும் 9 இனங்கள் இருமுறையும் தென்பட்டன. 12இன் வர்க்கமாகிய 144ஐ, 9இன் இருமடங்காகிய 18ஆல் வகுத்தால் 8 கிடைக்கும். அக்காட்டில் குறைந்தது 88 இனங்களாவது உண்டு என்பது மதிப்பீடு. சந்தைக்கணக்குப் போலத் தோன்றும் இச்சிறு வாய்ப்பாட்டிற்கும், எதனை எத்தனை முறை கண்டோம் என்னும் நேர்மையான குறிப்பு வேண்டும். குறிப்பு பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

சலீம் அலி காலத்தில் இவ்வாய்ப்பாடு இல்லை. ஆயினும் காணாமை வேறு, இல்லாமை வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். நெடுங்காலம் காணப்படாத ஃபின் தூக்கணாங்குருவியைக் குமாவுன் மலையடிவாரத்தில் தேடிச் சென்று கண்டறிந்தார். 1876க்குப் பின் உறுதியாகக் காணப்படாத இமயமலைக் காடையையும் தேடினார். அது கிட்டவில்லை.

1939இல் தெஹ்மினா மறைந்தார். அப்பேரிழப்புக்குப் பின் அவர் தம் தமக்கையின் இல்லத்தில் வாழ்ந்தார், பணியை விடவில்லை. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எளிய மக்களின் கையிலும் பறவை நோக்கும் ஆர்வத்தைச் சேர்த்தது. அமெரிக்கப் பறவையியலார் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். 1959 முதல் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, உயிருடன் பறக்கவிடும் பணியைக் கழகத்தின் வழியே நடத்தினார். தமிழகத்தின் கோடியக்கரையும் அப்பணியின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. காலில் கட்டிய சீட்டின் இடத்தை வளையம் பெற்றது. துப்பாக்கி தேவையற்றுப் போயிற்று.

ஜெர்டன் கல்குருவி என்னும் பறவை 1900ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாமையால் அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. கழகத்தார் விடாது தேடினர். 1986ஆம் ஆண்டு ஜனவரியில் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில், பறவை பிடிக்கும் உள்ளூர்வாசி ஒருவரின் துணையால் அது மீண்டும் கிடைத்தது. அஃது இரவில் நடமாடும் பறவை. பகலில் தேடியோர்க்குக் கிட்டாததில் வியப்பில்லை. அச்செய்தியைக் கேட்கும் பேறு எண்பத்தொன்பது வயது முதியவரான சலீம் அலிக்குக் கிடைத்தது. மறு ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மும்பையில் அவர் காலமானார்.

திருவிதாங்கூர், கொச்சி ஆய்வு நடந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2009இல், கேரளத்துப் பறவையியலார் அதே வழியில் மீண்டும் கணக்கெடுக்கப் புறப்பட்டனர். எந்த ஊரில், எந்த நாளில், எந்தப் பறவை என்று அவர் எழுதிவைத்திருந்தமையால், எங்கே கூடாரம் அமைப்பது என்று அவர்கள் தேடி அலைய நேரவில்லை.