பட்டாணியில் போட்ட கணக்கு, பாம்பின் நிறத்தைச் சொல்வது எப்படி? கிரிகோர் மெண்டலின் கதை

கார்ன் ஸ்நேக் என்பது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் விஷமில்லாத பாம்பு. ஆரஞ்சு உடல், கருப்பு ஓரம் போட்ட சிவப்புத் திட்டுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம் மாதிரி கருப்பு வெள்ளை. இதுதான் அதன் இயல்பான தோற்றம்.

ஆனால், பண்ணைகளில் இதே பாம்பு பல நிறங்களில் பிறக்கிறது. ஒவ்வொரு நிற வகைக்கும் 'மார்ஃப்' என்று பெயர். விற்பனைப் பட்டியலில் சில பாம்புகளுக்குப் பக்கத்தில் '66 சதவீத ஹெட்' என்று எழுதியிருப்பார்கள். பார்த்தா சாதாரணப் பாம்புதான். விலை மட்டும் கூட இருக்கும். இந்த 66 எங்கிருந்து வந்தது? பாம்பு வளர்த்தவரிடமிருந்து அல்ல. பட்டாணி வளர்த்த ஒரு துறவியிடமிருந்து.

யார் இந்த மெண்டல்?

1822-ல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மெண்டல். அந்த ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. மரம் விழுந்து அப்பாவுக்குப் பலத்த அடி. படிப்புச் செலவுக்கு வழியில்லை. தங்கை தெரேசியா தன் கல்யாணச் சீர்ப் பணத்தில் ஒரு பங்கை அண்ணனுக்குக் கொடுத்தார். அந்தக் கடனை மெண்டல் மறக்கவே இல்லை. பின்னாளில் தங்கை பிள்ளைகளின் படிப்புக்கு அவர்தான் உதவினார்.

1843-ல் புர்னோ நகர மடாலயத்தில் சேர்ந்தார். ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. 1850-ல் தகுதித் தேர்வில் தோல்வி. மடம் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே இயற்பியலும் தாவரவியலும் படித்தார். திரும்பி வந்து 1856-ல் மறுபடி தேர்வுக்குப் போனார், அப்போதும் தேறவில்லை. கடைசிவரை அவர் தற்காலிக ஆசிரியர்தான்.

தோட்டத்தில் என்ன செய்தார்?

அதே 1856-ல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். எட்டு வருஷம், சுமார் 28,000 செடிகள். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமலே போச்சு.

அந்தச் செடிகளைத் தானாகவே விதைக்க விட்டபோது சுருக்கம் திரும்ப வந்தது. 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று.

மெண்டல் இதோடு நிறுத்தவில்லை. அந்த உருண்டை விதைகளில் எத்தனை உண்மையிலேயே உருண்டை, எத்தனை சுருக்கத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன? 565 செடிகளை வளர்த்துப் பார்த்தார். 193 செடிகள் உருண்டை மட்டும் கொடுத்தன. 372 செடிகள் இரண்டையும் கொடுத்தன. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு. சதவீதமாகச் சொன்னால், சுமார் 66!

பாம்புக்கு இது எப்படிப் பொருந்தும்?

கருப்பு நிறமி இல்லாத கார்ன் ஸ்நேக் 'அமெல்'. உடல் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, கண் சிவப்பு. சிவப்பு நிறமி இல்லாதது 'அனெரி'. உடல் சாம்பல், கருப்பு. இரண்டுமே ஒடுங்கு பண்புகள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பாம்பு சாதாரணமாகவே இருக்கும். அதுதான் 'ஹெட்'.

இரண்டு ஹெட் பாம்புகள் இணைந்தால் நான்கில் ஒரு குட்டி அமெல். மீதி மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. அதில் இரண்டு ஹெட். எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் '66 சதவீத ஹெட்'.

அமெலையும் அனெரியையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாமே சாதாரண நிறம். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் இணைந்தால் 16-ல் 9 சாதாரணம், 3 அமெல், 3 அனெரி, 1 வெள்ளை 'ஸ்னோ'. இது சராசரிக் கணக்கு. 16 முட்டைகளில் ஒரு ஸ்னோகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. மெண்டல் ஏன் ஆயிரக்கணக்கில் எண்ணினார் என்பது இங்கே புரியும்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறவும் வாய்ப்பு இருக்கு. 'சார்கோல்' என்ற மார்ஃப் பார்க்க அனெரி மாதிரியே இருக்கும். ஆனால் அது வேறு மரபணு. இரண்டையும் சேர்த்தால் சாம்பல் குட்டி வராது; சாதாரணக் குட்டிதான் வரும்.

அவருக்குப் புகழ் கிடைத்ததா?

இல்லை. 1865-ல் புர்னோவில் இரண்டு கூட்டங்களில் பேசினார். மறு வருஷம் கட்டுரை அச்சானது. பிரதிகளை அறிஞர்களுக்கு அனுப்பியும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்து ஹாக்வீட் என்ற செடியை எடுத்தார். அது பெரும்பாலும் கருவுறாமலே விதை கொடுக்கும் செடி என்பது அப்போது தெரியாது. கணக்கு ஒத்துவரவில்லை.

1868-ல் மடத்தின் தலைவரானார். அதன்பின் வரிச் சட்டத்தை எதிர்த்து அரசோடு மல்லுக்கட்டியதிலேயே காலம் போனது. 1884 ஜனவரி 6-ல் காலமானார். அவருடைய குறிப்புகள் எரிக்கப்பட்டன. 1900-ல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்ற மூவர் அதே விகிதத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பழைய கட்டுரையை உலகம் திரும்பிப் பார்த்தது.

கார்ன் ஸ்நேக்கின் அமெல் நிறத்துக்குக் காரணம் ஓசிஏ2 மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் என்று 2015-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மெண்டல் கட்டுரை அச்சாகி அப்போது 149 வருஷம். மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், விதைகளை எண்ணியே அவர் இதன் விதியைப் பிடித்திருந்தார்.

ஒரு பாம்பு உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அதன் நிறத்தைப் பார்த்தால் போதாது. அதன் பெற்றோரையும் குட்டிகளையும் பார்க்க வேண்டும். மெண்டல் செய்ததும் அதைத்தான்.