கணினிக்குள் அடிக்கும் மணி: எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகள் பெரட்டுக்கு அடிக்கும் மணியை மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன் அது அடித்துவிட்டால், எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் இருந்த பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டன. ஆனால் அதைப் போன்ற ஒரு மணி, நம் மடிக்கணினி வேலை செய்யும் ஒவ்வொரு விநாடியும் பல முறை அடிக்கிறது. அதற்குப் பெயர் டைமர் குறுக்கீடு. இத்தகைய குறுக்கீட்டைக் கண்டு முதலில் பயந்து, பிறகு அதை நம்பத் தகுந்ததாக மாற்றியவர்களில் ஒருவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

அவர் 1930 மே 11இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். தாய் கணிதம் கற்றவர். சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் சார்பில் பணியாற்ற வேண்டும் என்பது அவருடைய இளமைக்கால ஆசை. ஆனால் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். 1951இல் கேம்பிரிட்ஜில் நடந்த நிரலாக்கப் பயிற்சி ஒன்று அவருடைய பாதையை மாற்றியது. 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் திருமணப் பதிவின்போது தொழிலாக நிரலாளர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்ததால், இயற்பியலாளர் என்று மாற்றி எழுத வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய சகாக்களான லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்தார்கள். அச்சிடும் கருவி போன்றவை மிக மெதுவானவை. அவை வேலையை முடித்துவிட்டனவா என்று கணினி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும். வேலை முடிந்ததும் கருவியே மணியடித்து அழைக்கட்டும் என்பது அவர்களின் யோசனை. அதுவே குறுக்கீடு.

டைக்ஸ்ட்ரா கலங்கிப் போனார். அதற்குக் காரணம் இருந்தது. அதுவரை ஒரு நிரலை மறுபடி ஓட்டினால் அதே பிழை அதே இடத்தில் தோன்றும், தேடிப் பிடித்துவிடலாம். குறுக்கீடோ எந்தக் கட்டளைக்கு நடுவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. லட்சம் முறையில் ஒரு முறை மட்டும் தோன்றி மறையும் பிழையை எப்படிப் பிடிப்பது?

பயம் என்று ஒதுங்கிவிடாமல் அவர் அதையே ஒரு கணிதக் கேள்வியாக மாற்றினார். நிறுத்தப்பட்ட நிரல், எதுவுமே நடக்காதது போல, விட்ட இடத்திலிருந்து எப்போதும் தொடர முடியுமா? ஆராய்ந்தபோது, சகாக்களின் வடிவமைப்பில் அது முடியாது என்று தெரிந்தது. அதனால் அவர்கள் தங்கள் வடிவமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. இந்த அனுபவமே 1959இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக ஆனது. கணினியை வாங்கிய எவரும் பிறகு இந்தப் பிழையோடு போராட நேரவில்லை என்றால், அதற்கு அவருடைய தயக்கமும் ஒரு காரணம்.

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே ஒரு சிறு குழுவோடு எக்ஸ்8 கணினிக்காக ஓர் இயங்குதளத்தை உருவாக்கினார். அதன் முதன்மை நினைவகம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 110 கிலோபைட்தான். 1968இல் வெளியான கட்டுரையில் அதன் அமைப்பை அடுக்கடுக்காக விளக்கினார். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள அடுக்கு கடிகாரக் குறுக்கீட்டைக் கவனித்தது. எந்த நிரலும் கணினியைத் தனக்கே சொந்தமாக்கிக்கொள்ளாமல் தடுப்பது அதன் வேலை. மேல் அடுக்கில் உள்ள நிரல்களுக்கு மணி அடித்தது கூடத் தெரியாது. இரண்டு நிரல்கள் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் கைவைத்து மோதாமலிருக்க அவர் உருவாக்கிய முறைக்கு, ரயில் பாதையின் கைகாட்டி மரத்தை நினைத்து, செமஃபோர் என்று பெயரிட்டார்.

இன்றைய இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இப்படித்தான் வேலை செய்கிறது. சீராகத் துடிக்கும் படிகம் ஒன்றின் துடிப்புகளை டைமர் எண்ணுகிறது. குறித்த எண் வந்ததும் மணி அடிக்கிறது. செயலி கையிலிருக்கும் கட்டளையை முடித்து, அடுத்துத் தொடர வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்கிறது. கெர்னல் நேரக்கணக்கைக் கூட்டுகிறது. ஓடிக்கொண்டிருந்த நிரலின் பங்கு முடிந்திருந்தால் காத்திருக்கும் இன்னொன்றுக்கு முறை தருகிறது. பின்னர் பழைய நிலையை அப்படியே மீட்டுக் கொடுக்கிறது. இதையெல்லாம் மிகச் சுருக்கமாக முடிக்க வேண்டும். தாமதித்தால் அடுத்த மணிகள் காத்துக் கிடக்கும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த மணி விநாடிக்கு ஏறத்தாழ 18 முறை அடித்தது. லினக்ஸில் இதை 100 முதல் 1,000 வரை அமைக்கலாம். நாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே பாட வேலையைத் தட்டச்சு செய்ய முடிவது இதனால்தான்.

1972இல் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது டைக்ஸ்ட்ராவைத் தேடி வந்தது. மிகக் குறுகிய பாதையைக் கண்டறியும் அவருடைய வழிமுறை இன்றும் உலகெங்கும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. 1984 முதல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தம் சிந்தனைகளை மைப்பேனாவால் கையெழுத்தில் எழுதி, நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது அவர் வழக்கம். அத்தகைய கட்டுரைகள் 1,300க்கும் மேல். 2002 ஆகஸ்ட் 6இல் நெதர்லாந்தில் நியூனன் என்ற ஊரிலுள்ள தம் இல்லத்தில் மறைந்தார்.

நிரல் எழுதப் பழகும் நாம், பத்து முறை ஓட்டிப் பார்த்துப் பிழை வரவில்லை என்றால் திருப்தி அடைந்துவிடுகிறோம். பதினோராவது முறை மணி வேறு இடத்தில் அடிக்கும். அப்போதும் நிரல் சரியாக ஓடும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டவர் டைக்ஸ்ட்ரா. அந்தக் கேள்வியை நம் அடுத்த நிரலிடமும் கேட்டுப் பார்ப்போம்.