சிற்றூர் தந்த பேரெழுத்தாளர்: வில்லியம் ஃபாக்னர்

பெரிய நகரங்களே பெரிய எழுத்தாளர்களைத் தரும் என்று எண்ணுவோர் உண்டு. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தில், ஆக்ஸ்போர்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரிடமிருந்து பெயரைக் கடன் வாங்கிய ஊர் அது. நடுவே நீதிமன்றம், அதனைச் சுற்றி நாற்புறமும் கடைகள், அப்பால் பருத்தி வயல்கள். இவ்வூரில் வளர்ந்து, இவ்வூரையே எழுதி, இம்மண்ணிலேயே அடங்கியவர் வில்லியம் ஃபாக்னர்.

அவர் 1897 செப்டம்பர் 25 ஆம் நாள் நியூ ஆல்பனி என்னும் ஊரில் பிறந்தார். ஐந்து வயது நிறையுமுன் குடும்பம் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தது. அடிமை முறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் நடத்திய உள்நாட்டுப் போர் 1865 இலேயே தோல்வியில் முடிந்துவிட்டது. ஆயினும் வீட்டு முற்றங்களில் அந்தப் போர் ஓயவில்லை. ஃபாக்னரின் கொள்ளுத்தாத்தா அப்போரில் கர்னல்; பின்னர் இரயில் பாதை அமைத்தார், நாவலும் எழுதினார்; 1889 இல் பழைய கூட்டாளி ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். முற்றத்துப் பெரியவர்கள் சொன்ன கதைகள் இவை. சிறுவனை வளர்த்த கரோலைன் பார் என்னும் கறுப்பின மூதாட்டி வேறு கதைகள் சொன்னார். அவர் அடிமையாகப் பிறந்தவர். முற்றத்துக் கதை ஒன்று, அடுக்களைக் கதை மற்றொன்று. இரண்டையும் கேட்டு வளர்ந்த காது அவருடையது.

இளமையில் அவர் தொட்டதொன்றும் துலங்கவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. விமானியாகும் ஆசையால் 1918 இல் கனடாவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பயிற்சி முடியுமுன் உலகப் போர் முடிந்துவிட்டது. ஊரிலிருந்த பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் படித்தும் பட்டம் பெறவில்லை. அங்குள்ள அஞ்சல் நிலையத்தில் அலுவல் கிடைத்தது. பிறருக்கு வந்த பத்திரிகைகளை இவர் படிக்கிறார், கடிதம் கேட்டு வருவோரைக் கவனிப்பதில்லை என்று புகார்கள் குவிந்தன. 1924 இல் அந்த அலுவலும் போயிற்று. உருப்படாதவர் என்று ஊரார் முடிவு கட்டினர்.

அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஷெர்வுட் ஆண்டர்சன் என்னும் மூத்த எழுத்தாளரின் நட்பு வாய்த்தது. தனக்குத் தெரிந்த அந்தச் சிறு நிலத்தையே எழுதுமாறு அவர் அறிவுரை கூறினார். ஃபாக்னர் ஊர் திரும்பினார். தம் வட்டாரத்தை யோக்னபட்டாஃபா என்னும் கற்பனை வட்டாரமாகவும், ஆக்ஸ்போர்டை ஜெஃபர்சன் என்னும் ஊராகவும் ஆக்கிக்கொண்டார். 1929 இல் 'ஓசையும் சினமும்' வெளிவந்தது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை நான்கு பகுதிகளில், நான்கு கோணங்களில் சொல்லும் நாவல் அது. அதே ஆண்டு பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்தபடி, ஏழு வாரங்களுக்குள் மற்றொரு நாவலை எழுதி முடித்தார். தாயின் உடலைப் புதைக்க எடுத்துச் செல்லும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை அது. 15 பேர் மாறி மாறிச் சொல்கின்றனர். சோதனைச்சாலையில் ஒரே அளவையைப் பலமுறை எடுத்துப் பார்க்கும் நமக்கு இந்த முறை விளங்காததன்று. ஒருவர் கண்டது மட்டும் உண்மையாகிவிடாது.

'அப்சலோம், அப்சலோம்!' நாவல் 1936 இல் வந்தபோது அதில் தம் வட்டாரத்தின் படத்தை அவரே வரைந்து சேர்த்தார். பரப்பு 2,400 சதுர மைல், வெள்ளையர் 6,298, கறுப்பினத்தவர் 9,313. கற்பனை நிலத்துக்கும் மக்கள் தொகைக் கணக்கு! தெற்கின் பழம்பெருமை பேசியோர் எண்ண மறந்தவர்களை அவர் எண்ணினார். அவரே பெரும்பான்மையோர் என்றும் காட்டினார்.

1942 இல் வந்த 'மோசே, இறங்கிச் செல்' என்னும் நூலை, அதற்கு ஈராண்டு முன் மறைந்த கரோலைன் பாருக்கே காணிக்கையாக்கினார். அதில் ஐசக் என்னும் இளைஞன் குடும்பத்தின் பழைய கணக்கேடுகளைப் புரட்டுகிறான். அடிமைகளை வாங்கிய விலையும், பிறப்பும் இறப்பும் வரிவரியாய் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வரிகளிலிருந்து தன் பாட்டனார் தாம் பெற்ற அடிமை மகளையே சீரழித்த கொடுமையை அவன் அறிகிறான். 21 ஆம் வயதில் தனக்கு உரிய நிலம் முழுவதையும் வேண்டாம் என்று விடுகிறான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கதை இலக்கியம் ஏன் நம்மைப் பற்றி இழுக்கிறது என்பதற்கு இந்த ஓரிடமே போதும். யூடோரா வெல்ட்டி, ஃபிளானரி ஓ'கானர் ஆகியோரின் கதைகளிலும் நிலமும் குலமும் பழைய குற்றமும் மனிதரை விடாது பின்தொடர்கின்றன.

புகழ் எளிதில் வரவில்லை. முதல் குழந்தை 1931 இல் சில நாட்களிலேயே இறந்தது. தம்பி டீன், ஃபாக்னர் தந்த விமானத்திலேயே 1935 இல் விழுந்து மாண்டார். குடும்பச் சுமைக்காக ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதினார். குடிப்பழக்கமும் அவரைப் பலமுறை வீழ்த்தியது. 1940களின் நடுவில் அவருடைய நூல்களில் பெரும்பாலானவை கடைகளில் கிடைக்கவில்லை. திறனாய்வாளர் மால்கம் கௌலி 1946 இல் வெளியிட்ட தொகுப்பே வாசகரை மீண்டும் திரும்பிப் பார்க்கச் செய்தது. 1949 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு 1950 இல் அவரிடம் வழங்கப்பட்டது.

அவரைக் குறையற்றவராக வரைவது அவருக்கே நேர்மையாகாது. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதால் சொந்த ஊராரின் பகையைத் தேடிக்கொண்டார். ஆயினும் 1956 இல், மாற்றம் மெல்ல வரட்டும் என்றும் எழுதினார். காத்திருக்கச் சொல்வது அநீதி என்று ஜேம்ஸ் பால்ட்வின் கண்டித்தார். கண்டனம் நியாயமானதே. எழுதுகோலுக்கு இருந்த துணிவு மேடையில் அவருக்கு இருக்கவில்லை.

1962 ஜூலை 6 இல் ஃபாக்னர் மறைந்தார். அடக்கத்தன்று ஆக்ஸ்போர்டின் கடைகள் கால்மணி நேரம் அடைக்கப்பட்டன. மூன்று மாதம் நிறையுமுன், செப்டம்பர் 30 இல், ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதை எதிர்த்து அதே பல்கலைக்கழகத்தில் கலவரம் மூண்டது. இருவர் உயிரிழந்தனர். அவர் காட்டிய பழைய கணக்கு இன்னும் தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஊரை விட்டு வந்து படிக்கும் நாம், கூடும்போதெல்லாம் ஊரின் பெருமையையே பேசுகிறோம். கோயிலும் ஆறும் திருவிழாவும் நம் பேச்சில் வருகின்றன. ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட தெரு வருவதில்லை. என் பேச்சிலும் வந்ததில்லை. ஃபாக்னர் தம் ஊரை நம்மினும் குறைவாக நேசித்தவர் அல்லர். நேசித்ததால்தான் அதன் கணக்கேட்டை ஒளிக்காமல் திறந்து வைத்தார். நம் ஊர்க் கணக்கேட்டைத் திறக்க வேண்டியவர் நாமே.