திருநாள் ஆடை உடுத்திய தாய்

ஜனவரி 23-ந் தேதி கோணான்குப்பம் பெரியநாயகி மாதா திருநாளுக்குப் போய்வந்த களைப்பு உங்களுக்கு இன்னும் தீர்ந்திராது. கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு பனியில் புறப்பட்டுப் போய், தேர் பார்த்து, பொரிகடலையும் பீப்பீயும் வாங்கித் திரும்பியிருப்பீர்கள். அந்தப் பீப்பீயைப் பிள்ளைகள் உடைத்து முடிப்பதற்குள், பன்னிரண்டாம் நாள், பிப்ரவரி 4-ந் தேதி, அர்ச். அருளானந்த சுவாமியுடைய திருநாள் வந்துவிடுகிறது. ஒரு மனிதர் தலை வெட்டுண்டு மரித்த நாள் அது. மரித்த நாளை ஏன் திருநாள் என்கிறோம் என்று உங்கள் சிறு மகன் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நவம்பர் 2-ந் தேதி மரித்த விசுவாசிகளுக்காகக் கல்லறைக்குப் போகும்போது, பயந்துவிடும் என்று பிள்ளையை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. பாட்டி எங்கே என்று கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்கிறவர்களும் உண்டு. முக்கியமாய் அவர்களை நினைத்தே இந்தச் சரித்திரத்தை எழுதுகிறோம்.

அருளானந்தர் 1647-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதி போர்த்துக்கல் தேசத்து லிஸ்போன் நகரில் பிறந்தார். அருளப்பர் தெ பிரிட்டோ என்பது அவர் பெயர். தகப்பனார் பிரேசில் நாட்டில் ரியோ தெ ஜனெய்ரோவுக்குக் கவர்னராகப் போய், அங்கேயே இறந்துபோனார். பிள்ளை அப்போது சின்னக் குழந்தை. தகப்பன் முகம் நினைவிருந்ததோ இல்லையோ. கப்பல் ஏறிப் போனவர் திரும்பி வராததை அந்த வீடு அறிந்திருந்தது. தாயார் பெயத்ரீஸ் அம்மாள் கைம்பெண்ணாயிருந்து பிள்ளைகளை வளர்த்தாள்.

சிறுவன் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாகச் சேர்ந்தான். பதினொரு வயதளவில் கடும் வியாதி கண்டது. வைத்தியர்கள் கைவிட்ட சமயத்தில், தாய் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் சேசு சபைச் சந்நியாசிகளின் உடையை ஒரு வருஷம் உடுத்துவிப்பதாக நேர்ச்சை. பிள்ளை பிழைத்தது. சரிகையும் பட்டும் உடுத்திய அரண்மனைப் பையன்களின் நடுவே இவன் ஒருவன் மாத்திரம் கறுப்பு அங்கியோடு ஒரு வருஷம் நடமாடினான். நம் வீடுகளில் குழந்தைக்கு வேளாங்கண்ணி மாதாவின் பேரால் மொட்டை நேர்ந்துகொள்ளுகிறோமே, அதைப் போன்றதுதான். ஆனால் மொட்டை ஒரு நாளில் முடிந்துவிடும். ஒரு வருஷம் அந்த அங்கியைப் போட்டுக் கழற்றும் பிள்ளை, இது யாருடையது, அவர் எங்கே மரித்தார் என்று கேட்காமலா இருந்திருப்பான்? சவேரியார் சீன தேசத்தின் கரையோரத் தீவில் 1552-ல் மரித்தவர். மரித்து நூறு வருஷத்துக்கு மேலான ஒருவரைத் தாய் பிள்ளைக்கு வீட்டு உறவினர் போல அறிமுகம் செய்துவிட்டாள்.

அதன் பலன் அவளுக்கே கசந்தது. மகன் 1662-ல் சேசு சபையில் சேர்ந்தார். பிறகு இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும் தாய் கலங்கி, பாப்பரசரின் ஸ்தானாபதி மூலமாகத் தடுக்கப் பார்த்தாள். இதை மறைக்க வேண்டியதில்லை. கணவனைக் கடலுக்கப்பால் பறிகொடுத்தவள் வேறென்ன செய்வாள்? ஆயினும் 1673-ல் அவர் கப்பல் ஏறிவிட்டார்.

அடுத்த வருஷம் மதுரை மிஷனுக்கு வந்தார். காவி உடுத்து, மாமிசம் தள்ளி, பண்டார சுவாமியாய்க் கால்நடையாகவே திரிந்தார். நமக்கு வடகிழக்கேயுள்ள செஞ்சி நாட்டுப் பக்கத்திலும், தஞ்சை நாட்டிலும், மறவ நாட்டிலும் ஊழியம் செய்தார். 1686-ல் பிடிபட்டு வாதிக்கப்பட்டு விடுதலையானார். சபையின் அலுவலாக ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் பேதுரு அவரை அங்கேயே இருத்த முயன்றார். அவர் இணங்கவில்லை. தாயைக் கண்டு விடைபெற்று, 1690-ல் மறுபடியும் இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

1693-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, மறவ நாட்டுத் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். தேவர் ஒரு மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையீட்டால் இரண்டே நாளில் சுவாமி கைதியானார். ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். கடைசியாகச் சிறையிலிருந்து கடிதம் எழுத மையில்லாமல் கரியைத் தண்ணீரில் குழைத்து எழுதினார். பிப்ரவரி 4-ந் தேதி அவர் தலை வெட்டப்பட்டது. அவ்வருஷம் அது விபூதிப் புதன். ஓரியூரின் சிவந்த மணலை இன்றும் ஜனங்கள் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் இருந்தால், இந்த வருஷம் அதைப் பிள்ளை கையில் கொடுத்து, யாருடைய மணல் என்று சொல்லுங்கள். அன்று மாலை உங்கள் குடும்பத்துப் பெரியவர்களின் கல்லறைக்கும் அதே பிள்ளையைக் கூட்டிப்போய், ஒரு மெழுகுவர்த்தியை அதன் கையாலேயே ஏற்றச் செய்யுங்கள். பெயரைச் சொல்லிக்கொடுங்கள். ஊருக்குப் போனார்கள் என்ற கதை வேண்டாம்.

பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தது 1947-ல். ஆனால் அவருடைய முதல் திருநாள் அதற்கு வெகுகாலம் முன்பே கொண்டாடப்பட்டது. மரணச் செய்தி கடல் கடந்து லிஸ்போன் சேர்ந்தபோது, அரசர் பேதுரு நன்றியறிதல் வழிபாடு நடத்தச் சொல்லி, தாயாரை அரண்மனைக்கு அழைத்தார். எந்தப் பிள்ளைக்குத் தன் கையால் கறுப்பு அங்கி உடுத்தினாளோ, எந்தப் பிள்ளையைக் கப்பலேறவிடாமல் தடுத்தாளோ, அந்தப் பிள்ளை போய்விட்டான். துக்க உடையில் வருவாளென்றே எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். பெயத்ரீஸ் அம்மாள் திருநாள் ஆடை உடுத்திக்கொண்டு வந்தாள் என்று அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் கூறுகிறார்கள்.