மெழுகுவர்த்தி இல்லாமல் கற்ற கணிதம்

சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. கணிதத்தில் எனக்கு 'ஏ' சித்தி. ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கப் போகிறேன் என்றதும் உம்மும்மாவின் முகம் மாறியது. கணக்குக்கு ஆண்பிள்ளைகளின் மூளைதான் சரிவரும், பெண்பிள்ளைக்குத் தலைவலிதான் மிஞ்சும் என்றார். வாப்பா எதுவும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை அதிகம் வருத்தியது. அந்த வாரம் நூலகத்தில் நான் படித்தது மேரி சொமர்வில்லின் வாழ்க்கை வரலாறு.

மேரி 1780 இல் ஸ்கொட்லாந்தில் ஒரு கடற்படை அதிகாரியின் மகளாகப் பிறந்தார். பதின்ம வயதில் பெண்களுக்கான சஞ்சிகை ஒன்றைப் புரட்டியபோது, ஆடை அலங்காரப் படங்களுக்கிடையே ஒரு கணக்குப் புதிரைக் கண்டார். எண்களுடன் எழுத்துகளும் கலந்திருந்தன. அது அட்சரகணிதம் என்று கேட்டறிந்தவருக்கு அதைக் கற்காமல் இருக்க முடியவில்லை. தம்பியின் ஆசிரியர் மூலம் நூல்களைப் பெற்று இரவில் இரகசியமாகப் படித்தார்.

கடினமான படிப்பு பெண்ணின் மூளையைக் குழப்பிவிடும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அவரது தந்தையும் மகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று அஞ்சினார். வீட்டார் இரவில் மெழுகுவர்த்தியை எடுத்துச் சென்றனர். மேரியோ யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தை மனப்பாடம் செய்து, இருளில் படுத்தபடியே மனதுக்குள் நிறுவினார்.

முதல் கணவர் பெண்களின் அறிவாற்றலைக் குறைவாக மதித்தவர். அவர் 1807 இல் இறந்தார். 1812 இல் மணந்த மருத்துவர் வில்லியம் சொமர்வில் மனைவியின் கல்விக்குத் துணை நின்றார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் வானியல் நூலை ஆங்கில வாசகருக்கு விளக்கி மேரி எழுதிய நூல் 1831 இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 50. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அதைப் பாடநூலாகப் படித்தனர். ஆனால் அங்கே எந்தப் பெண்ணும் மாணவியாகச் சேர முடியாது! ரோயல் சொசைட்டி அவருடைய மார்பளவுச் சிலையைத் தன் மண்டபத்தில் வைத்தது. ஆனால் 1945 வரை ஒரு பெண்ணையும் அது உறுப்பினராகத் தெரிவு செய்யவில்லை.

என் மனதை உலுக்கியது வேறொன்று. 1823 இல் அவருடைய மகள் மார்கரெட் பத்து வயதில் இறந்தாள். பிள்ளையின் மூளைக்கு அளவுக்கு மீறி வேலை கொடுத்துவிட்டேனோ என்று அந்தத் தாய் கலங்கினார். முதுமையிலும், தமக்கு விடாமுயற்சி உண்டு, புதியதைப் படைக்கும் மேதைமை பெண்ணினத்துக்கு இல்லை என்றே எண்ணினார். தன் வாழ்வாலேயே பொய்யாக்கிய ஒரு நம்பிக்கையை அவரால் முழுமையாக உதற முடியவில்லை. சிறுவயதில் காதில் விழும் சொல் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது!

இன்று உளவியலாளர்கள் இரு பாலாரையும் சோதித்துப் பார்க்கிறார்கள். பொருளொன்றை மனதுக்குள் சுழற்றிப் பார்ப்பதில் ஆண்களின் சராசரி கூடுகிறது. எழுத்தில் பெண்களின் சராசரி கூடுகிறது. கணிதத்தில் சராசரி வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறியது. எதிலும் ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது. ஆகவே சராசரியைப் பார்த்து ஒரு பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்க முடியாது.

மேரி 1872 இல் நேப்பிள்ஸ் நகரில் 91 வயதில் காலமானார். இறுதி நாட்களிலும் காலையில் கணிதம் படித்தார். மூளை குழம்பவில்லை. 1879 இல் ஒக்ஸ்போர்டில் பெண்களுக்காகத் திறக்கப்பட்ட ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் இந்தக் கதையை வாப்பாவிடம் சொன்னேன். அப்போதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை ஒரு மேசை விளக்கு வாங்கி வந்தார்.